மரக் கப்பல் மாதிரிக்கு ஒற்றைப் பலகையா, இரட்டைப் பலகையா?

பல்க்ஹெட் முறையில் கட்டும் மாதிரிகளுக்கான ஒப்பீடு இது. நடுவில் பிளைவுட்டால் ஆன முதுகெலும்பு, அதில் குறுக்காகச் செருகிய 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள பல்க்ஹெட்டுகள், அவற்றின் மேல் பலகைகள் என்பதுதான் அடிப்படை அமைப்பு. ஒற்றை முறையில் ஏறத்தாழ 1.5 மி.மீ. தடிமனில் ஒரே அடுக்கு. கப்பலைத் தாங்குவதும் அதுதான், பார்ப்பவர் கண்ணில் படுவதும் அதுதான். இரட்டை முறையில் முதல் அடுக்குக்கு 1.5 முதல் 2 மி.மீ. தடிமனில் லைம், பாஸ்வுட் போன்ற மென்மையான மரம் வரும். அதன்மேல் 0.5 முதல் 1 மி.மீ. தடிமனில் வால்நட், பேரி, மஹோகனி போன்ற முகமரம் ஒட்டப்படும். பாகங்கள் தயாராகப் பெட்டியில் வருவதுதான் கிட். ஐரோப்பிய கிட்டுகளில் இரட்டை அடுக்கு வழக்கம். அமெரிக்க கிட்டுகளில் பாஸ்வுட் ஒற்றை அடுக்கு அதிகம்.

புதியவருக்கு இரட்டை, கைதேர்ந்தவருக்கு ஒற்றை என்று பிரித்துச் சொல்வது வழக்கம். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் கைப்பழக்கத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வேலை முடிந்தபின் உடலின் மேல் என்ன தெரியப்போகிறது? பெயின்ட்டா, செப்புத் தகடா, வெறும் மரமா? இதைத் தீர்மானிக்காமல் பலகை வெட்டத் தொடங்கினால், பெயின்ட்டுக்கு அடியில் மறையப்போகும் மரத்துக்காக வாரக்கணக்கில் உழைப்போம். இல்லையென்றால், மரமாகவே தெரிய வேண்டிய இடத்தில் பட்டி பூசிய தழும்புகளை மறைக்க வழியில்லாமல் நிற்போம்.

மேற்பூச்சு முடிவு செய்யட்டும்

எச்.எம்.எஸ். விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1765-இல் நீரில் இறங்கிய கப்பல், 1780-இல் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தப்பட்டது. நீர்க்கோட்டுக்கு மேலே பட்டை பட்டையாகப் பெயின்ட், கீழே செப்பு. அந்தக் கோலத்தில் கட்டினால் உடலில் ஒரு விரலகல மரம்கூட வெளியே தெரியாது. ஆனாலும் அதன் கிட்டுகள் பலவற்றில் இரண்டாம் அடுக்குக்கு வால்நட் கொடுக்கிறார்கள். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் அங்கே வால்நட் வீண் மட்டுமல்ல, இடைஞ்சலும்கூட. அதன் துளைகள் பெரியவை. துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் இரண்டு மூன்று முறை பூசித் தேய்க்காவிட்டால் பெயின்ட்டில் அந்தத் துளைகள் கோடு கோடாகத் தெரியும்.

1921-இல் கட்டப்பட்ட புளூநோஸ் என்ற ஸ்கூனர் வகைப் பாய்மரக் கப்பலும் அப்படித்தான். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. அணியம் எனும் முன்முனை கூர்மை, உடல் நீளம், வளைவுகள் மென்மை. இதற்கு பாஸ்வுட் ஒற்றை அடுக்கே போதும். இடைவெளிகளில் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்துவிட்டால் இரட்டை அடுக்குக்கும் இதற்கும் வேறுபாடு காண முடியாது.

1628-இல் மூழ்கிய வாசா போன்ற கப்பல் நேர் எதிர். அணியம் பானைபோல உருண்டது, ஓக் மரம் மரமாகவே தெரிய வேண்டியது. இப்படிப்பட்ட உடலில் ஒற்றை அடுக்கில் வெற்று மரமாகப் பலகை பதிப்பது இந்தக் கலையிலேயே கடினமான வேலைகளில் ஒன்று. இங்கே இரட்டை அடுக்கு தன் கூலியை முழுதாகத் திருப்பித் தரும்.

செப்புத் தகடு ஒட்டப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மாதிரிகளுக்கான செப்பு நாடா மிக மெல்லியது. அடியில் உள்ள மேடு பள்ளம் எதையும் அது மறைக்காது, மினுக்கத்தால் இன்னும் எடுப்பாகக் காட்டும். அங்கே மரத்தின் அழகு தேவையில்லை, பரப்பின் வழவழப்பு தேவை.

ஒற்றை அடுக்கு எங்கே சறுக்கும்

நேரான பட்டையை உருண்ட உடலின் மேல் இயல்பாகப் படியவிட்டால், அது தனக்குப் பிடித்த வழியில்தான் போகும். அணியத்துக்கு அருகே மேல்நோக்கி ஏறும். அதைப் பக்கவாட்டில் வலிந்து கீழே இழுத்து ஒட்டினால், ஒரு விளிம்பு உடலில் படியும், மறு விளிம்பு தூக்கிக்கொள்ளும். அடுத்த பலகை அதன்மேல் ஏறி உட்கார, ஓடு வேய்ந்ததுபோலப் படிப்படியாகிவிடும். கிளாம்ப் எத்தனை போட்டாலும் இது சரியாகாது. கோளாறு அழுத்தத்தில் இல்லை, பலகையின் வடிவத்தில் இருக்கிறது.

இரட்டை முறையின் முதல் அடுக்கில் இதைச் சுலபமாகக் கடந்துவிடலாம். பட்டை போகும் வழியில் விட்டுவிட்டு, மிஞ்சும் ஆப்பு வடிவ இடைவெளிகளில் மரத்துண்டு செருகி, எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்த்தால் போதும். ஒற்றை அடுக்கில் அந்த ஆப்புத் துண்டுகள் காலத்துக்கும் தெரியும். எனவே ஒவ்வொரு பலகைக்கும் முன்கூட்டியே அகலம் கணக்கிட்டு, ஓரம் இழைத்துத்தான் ஒட்ட வேண்டும்.

கணக்கு கடினமில்லை. 1:64 அளவில் ஒரு மாதிரி. நடு பல்க்ஹெட்டில், வேல்ஸ் எனப்படும் தடித்த பக்கப் பட்டையின் கீழ் விளிம்பிலிருந்து, கப்பலின் அடிமரமான ஏரா வரை, காகிதப் பட்டையால் வளைவோடு அளந்தால் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பலகை 5 மி.மீ. என்றால் 24 வரிசை. அணியத்தில் அதே தூரம் 66 மி.மீ. என்றால் ஒவ்வொரு பலகையும் அங்கே 2.75 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். பலகை தன் முழு அகலத்தில் பாதிக்குக் கீழே குறுகக் கூடாது என்பது பழைய விதி. 2.75 அதற்குள் அடங்குகிறது. அந்த இடத்தில் 54 மி.மீ. மட்டுமே இருந்தால் 24 வரிசைக்கு 2.25 மி.மீ. தான் கிடைக்கும், விதி உடையும். அப்போது 21 வரிசைகள் மட்டும் அணியத்தில் நிற்கும் முன்கம்பத்தைத் தொட வேண்டும். மற்ற 3 வரிசைகள் முன்னதாகவே நின்று, பக்கத்துப் பலகையில் வெட்டிய பள்ளத்தில் முடிய வேண்டும். இதுதான் டிராப் பிளாங்க். பின்முனையில் சுக்கானைத் தாங்கும் பிற்கம்பத்தில் தூரம் 138 மி.மீ. என்றால் 18 மி.மீ. கூடுதல். அங்கே அந்தக் கூடுதல் அகலத்தை நிரப்ப, ஸ்டீலர் எனப்படும் மூன்று அல்லது நான்கு பலகைத் துண்டுகள் நுழைக்க வேண்டியிருக்கும். பலகையின் முனையைக் கத்திபோலக் கூராக்கி முடித்தால், ஒற்றை அடுக்கில் அந்தக் கூர்முனை தேய்க்கும்போதே பிய்ந்து வரும். உண்மைக் கப்பலிலும் கூர்முனையில் ஆணி நிற்காது என்பதால்தான் அதை மொட்டையாக வெட்டிப் பக்கத்துப் பலகையில் பதித்தார்கள்.

இந்தக் கணக்கை எல்லா பல்க்ஹெட்டிலும் போட்டு, உடலை மூன்று நான்கு பட்டைகளாக நூல் கட்டிப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒற்றை அடுக்கில் குறிகளை பல்க்ஹெட் விளிம்புகளில் மட்டுமே போட முடியும், இடையே வெற்றிடம். இரட்டை அடுக்கில் முதல் அடுக்கின் முழுப் பரப்பும் வரைபலகை. பென்சிலால் கோடுகளை ஓடவிட்டு, தள்ளி நின்று பார்த்து, தொய்வு தெரிந்தால் அழித்துத் திருத்தலாம். இரட்டை முறையின் பெரிய பயன் இதுதான் என்பது என் கருத்து. பட்டி பூசி மறைக்கும் வசதி அதற்கு அடுத்ததே.

ஒற்றை அடுக்கின் இன்னொரு சிக்கலை கிட் விளக்கத்தாள்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பலகை முனைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் பல்க்ஹெட்டின் மேல்தான் விழ வேண்டும். உண்மைப் பலகை 7 மீட்டர் நீளம் என்றால் 1:64-இல் அது சுமார் 109 மி.மீ. உங்கள் பல்க்ஹெட் இடைவெளி 50 மி.மீ. என்றால் மூட்டுகளை 100 அல்லது 150-இல்தான் வைக்க முடியும். 4 மி.மீ. தடிமனுள்ள பிளைவுட் விளிம்பில் ஆளுக்கு 2 மி.மீ. தான் ஒட்டும் இடம். அடுத்தடுத்த வரிசைகளில் மூட்டுகள் விலகியிருக்க வேண்டும், ஒரே சட்டத்தில் விழும் இரண்டு மூட்டுகளுக்கு இடையே மூன்று பலகையாவது இருக்க வேண்டும் என்ற கப்பல் கட்டும் முறையைப் பின்பற்ற நினைத்தால், தொலைவாக நிற்கும் பல்க்ஹெட்டுகள் கையைக் கட்டிப்போடும். இரண்டாம் அடுக்குக்குக் கீழே முழுத் தளம் இருப்பதால் மூட்டை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

பல்க்ஹெட் இடைவெளியை முன்கூட்டியே அளந்துவிடுங்கள். 25 முதல் 30 மி.மீ. என்றால் ஒற்றை அடுக்கு நன்றாக நிற்கும். 50 மி.மீ. தாண்டினால் தேய்க்கும்போது பலகை நடுவில் உள்வாங்கும், பல்க்ஹெட் மேல் அதிகமாகத் தேயும். முடிவில் உடல் பசித்த மாட்டின் விலாபோலத் தெரியும். அணியத்திலும் பின்பகுதியிலும் முதல் இரண்டு இடைவெளிகளையாவது பால்சா என்ற இலேசான மரக் கட்டைகளால் அடைத்து, பல்க்ஹெட் சரிவோடு சேர்த்து இழைப்பது இரண்டு முறைக்குமே நல்லது. ஒற்றை அடுக்குக்கு அது ஏறத்தாழக் கட்டாயம்.

வளைக்கும் கருவியிலும் வேறுபாடு உண்டு. பலகையின் உட்புறத்தில் வரிசையாக வெட்டுத்தடம் போட்டு வளைக்கும் இடுக்கி முதல் அடுக்குக்கு மட்டுமே ஏற்றது. ஒற்றை அடுக்கில் போட்டால் வெளிப்புறம் முனை முனையாக உடைந்து வளையும். 0.6 மி.மீ. வால்நட்டில் போட்டால் முறிந்தே விடும். 1.5 மி.மீ. பாஸ்வுட்டைப் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவைத்து, சூடான இரும்பில் வளைத்தால் போதும். மணிக்கணக்கில் ஊறவைப்பதால் பயன் இல்லை. மரத்தை இளக்குவது சூடுதான், தண்ணீர் அதை உள்ளே கொண்டுசெல்ல உதவுகிறது. பக்கவாட்டில் வளைக்க, பலகையை மேசையில் வில்லாகப் பிடித்து கிளாம்ப் போட்டு, ஹேர் டிரையரால் சூடேற்றி, ஆறும்வரை விட்டுவிடுங்கள். ஒற்றை அடுக்கை வெற்று மரமாக முடிக்க விரும்புபவருக்கு இந்த ஒரு உத்தி பத்துக் கருவிகளுக்குச் சமம்.

இரண்டாம் அடுக்கின் சொந்தக் கோளாறுகள்

முதல் அடுக்கு எப்படி இருந்தாலும் மேலே மூடிவிடலாம் என்று நினைப்பதுதான் இரட்டை முறையில் நிகழும் பெரும் தவறு. 0.6 மி.மீ. மரம் எதையும் மூடாது. அடியில் பள்ளம் இருந்தால் அதுவும் பள்ளமாகும், மேடு இருந்தால் மேடாகும். அந்த மேட்டைத் தேய்த்துச் சரிசெய்யப் போனால் மரம் ஓட்டையாகி, கீழிருந்து வெளிர்நிற லைம் எட்டிப் பார்க்கும். 1.5 மி.மீ. ஒற்றைப் பலகையில் 0.4 மி.மீ. தேய்த்துத் தள்ளினாலும் உடல் தாங்கும். 0.6-இல் 0.2 தாண்டினாலே ஆபத்து. தேர்வு உங்கள் கையில் இருந்தால் 0.8 அல்லது 1 மி.மீ. மேலடுக்கு வாங்குங்கள்.

எனவே முதல் அடுக்கை 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 180-இல் நிறுத்த வேண்டும். அதற்குமேல் மெருகேற்றத் தேவையில்லை. சோதிக்க எளிய வழி, உடல் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு, வளையும் நீண்ட உப்புத்தாள் பட்டையால் ஓரிரு முறை தேய்ப்பது. கிறுக்கல் அழியாத இடம் பள்ளம். அங்கே மெல்லிய மரச்சீவல் ஒட்டுவது முதல் தரம், பட்டி அடுத்த தரம். பரந்த பட்டிப் பரப்பின் மேல் பிவிஏ எனப்படும் வெள்ளை மரப் பசை மரத்தில் பிடிப்பதுபோலப் பிடிக்காது.

பசையிலும் கவனம் தேவை. பிவிஏ-வில் உள்ள தண்ணீர் மெல்லிய பலகையை ஒரு பக்கம் மட்டும் ஊறவைக்கும். பலகை சுருளும், அகலத்தில் விரியும். விரிந்த நிலையில் நெருக்கி ஒட்டியது காய்ந்தபின் சுருங்கி, மயிரிழை இடைவெளி விடும். சூப்பர் குளூ என்கிற சயனோஅக்ரிலேட் உடனே பிடிக்கும், ஆனால் முகத்தில் வழிந்தால் அந்த இடத்தில் எண்ணெயோ வார்னிஷோ ஏறாமல் திட்டாக நிற்கும். கான்டாக்ட் பசையில் பலகை பட்ட இடத்தில் பட்டதுதான், நகர்த்த முடியாது. நாளடைவில் விளிம்புகள் விடுபடுவதும் உண்டு. முனைகளில் ஒரு சொட்டு சயனோஅக்ரிலேட், நடுவில் மெல்லிய பிவிஏ என்ற கலவை பலருக்கும் ஒத்துவருகிறது. இரண்டு பரப்பிலும் பிவிஏ மெலிதாகப் பூசி, காயவிட்டு, நடுத்தரச் சூட்டில் நீராவி இல்லாத சிறிய இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டுவது இன்னும் சுத்தமான வழி. காய்ந்த பிவிஏ சூட்டில் இளகி மீண்டும் பிடித்துக்கொள்ளும், தண்ணீர்த் தொல்லை இல்லை.

மெல்லிய பட்டையைப் பக்கவாட்டில் வளைக்க முடியாது, மடிந்துவிடும். ஆனால் அகலமான தாளாகக் கிடைக்கும் வினியரில் பலகையின் சரியான வடிவத்தை வரைந்து கத்தியாலேயே வெட்டிவிடலாம். 1.5 மி.மீ. மரத்தில் அதே வடிவத்தை வெட்டி இழைப்பது மெதுவான வேலை. மரத் தேர்வும் முக்கியம். 1:96 அளவில் வால்நட்டின் வரிகள் கப்பலுக்கு மிகப் பெரியவை, பேரி மரம் கண்ணுக்குச் சரியான அளவில் தெரியும். ஒற்றை அடுக்கு பாஸ்வுட்டை வெற்று மரமாக விடுவதைப் பரிந்துரைக்க மாட்டேன். தேய்த்தால் பஞ்சு எழும், சாயம் ஏற்றினால் திட்டுத் திட்டாகக் குடிக்கும்.

பிற்கம்பத்தில் தடிமன் கணக்கு

இரண்டு முறைகளும் மிகக் கூர்மையாகப் பிரியும் இடம் ஏராவும் பிற்கம்பமும் சேரும் மூலை. பலகையின் வெளிமுகம் பிற்கம்பத்தின் முகத்தோடு சமமாக முடிய வேண்டும். பிற்கம்பம் 5 மி.மீ., முதுகெலும்பு பிளைவுட்டும் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை அடுக்கு 1.5 என்றால் இருபுறமும் சேர்த்து 3 மி.மீ. அந்த முனையில் பிளைவுட்டை 2 மி.மீ. ஆக மெலிதாக்கினால் கணக்கு சரி. இரட்டை அடுக்கு 1.5-உடன் 0.6 என்றால் இருபுறமும் 4.2 மி.மீ. பிளைவுட்டுக்கு 0.8 மி.மீ. தான் மிஞ்சும், அது கையிலேயே ஒடியும்.

இதற்கான தீர்வு, முதல் அடுக்கைப் பின்முனையை நெருங்கும்போது 0.5 மி.மீ. வரை தேய்த்துக் கரைப்பது. அப்போது இருபுறமும் சேர்த்து 2.2 மி.மீ., பிளைவுட்டை 2.8-இல் நிறுத்தலாம். இதைச் செய்யாமல் விட்ட மாதிரிகளில் பலகை பிற்கம்பத்தைவிட இருபுறமும் புடைத்து நிற்கும், சுக்கான் இரண்டு மேடுகளுக்கு நடுவே புதைந்ததுபோல இருக்கும். ஏரா ஓரத்தில் பலகை பதியும் பள்ளமான காடியின் ஆழத்தையும் இதே கணக்கில் முன்பே முடிவு செய்யுங்கள். பலகை ஏறியபின் உளி நுழைக்க இடம் இருக்காது.

மேல்புறத்தில் தளத்துக்கு மேலே எழும் பக்கச் சுவரையும் கவனியுங்கள். முதல் அடுக்கு 1.5, வெளி அடுக்கு 1, உட்புறப் பலகை 1 என்றால் 3.5 மி.மீ. அது 1:64-இல் 224 மி.மீ. சுவர், 1:96-இல் 336 மி.மீ. சிறிய அளவுகளில் சுவர் கோட்டை மதில்போலத் தடித்துவிடும். அங்கே உள்முகத்தைத் தேய்த்து மெலிதாக்கியபின் உட்பலகை ஒட்டுவது நல்லது. பீரங்கித் துளைகளில் மட்டும் இரட்டை முறை எளிது. முதல் அடுக்கு முடிந்தபின் துளைகளைக் குறித்து, ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்து வெட்டலாம். ஒற்றை முறையில் துளைகளின் சட்டங்களைப் பலகைக்கு முன்பே பல்க்ஹெட் இடையே பொருத்தியாக வேண்டும்.

எவ்வளவு மரம், எவ்வளவு உழைப்பு

சுற்றளவு ஒரு பக்கத்துக்கு மொத்தம் 168 மி.மீ., உடல் நீளம் 520 மி.மீ. என்றால் 600 மி.மீ. பட்டைகள் போதும். 5 மி.மீ. அகலத்தில் பக்கத்துக்கு 34, இருபுறமும் 68. மேலடுக்கு 4 மி.மீ. என்றால் 84. உடையும், கோணும், நிறம் பொருந்தாதவை கழியும். 15 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை முறையில் உழைப்பு இரு மடங்கு என்று அஞ்ச வேண்டாம். முதல் அடுக்கு வேகமாகப் போகும். எந்த முறையானாலும் இடம் வலம் மாற்றி மாற்றி, ஒருமுறைக்கு இரண்டு மூன்று வரிசைக்குமேல் ஒரே பக்கம் ஏற்றாமல் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் முதுகெலும்பு ஒருபுறம் வளையும், அதை எந்த இரண்டாம் அடுக்காலும் நிமிர்த்த முடியாது.

கிட்டின் முறையை மாற்றலாமா?

ஒற்றைக்கு வடிவமைத்த கிட்டில் மேலடுக்கு சேர்ப்பவர்கள், அந்த மேலடுக்கின் தடிமன் அளவுக்கு பல்க்ஹெட் விளிம்புகளையும் முன்கம்பக் காடியையும் குறைத்த பிறகே தொடங்க வேண்டும். தலைகீழாக, 1.5-உடன் 1 மி.மீ. என்று கணக்கிட்ட கிட்டில் 1.5 மட்டும் பதித்தால் கப்பல் 2 மி.மீ. ஒல்லியாகும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முன்கம்பத்திலும் ஏராவிலும் பலகை 1 மி.மீ. உள்ளே தாழ்ந்து நிற்கும், அது நன்றாகத் தெரியும். பல்க்ஹெட் விளிம்புகளில் 1 மி.மீ. பட்டை ஒட்டி ஈடு செய்யலாம். இடைவெளி 50 மி.மீ. தாண்டும் கிட் என்றால் அந்த மாற்றத்தையே கைவிடுங்கள்.

மேலே வெற்று மரம், கீழே செப்பு என்று முடிப்பவர்கள் விலையுயர்ந்த மேலடுக்கை நீர்க்கோட்டோடு நிறுத்த நினைப்பார்கள். மரம் மிச்சம்தான், ஆனால் நீர்க்கோட்டில் 0.6 மி.மீ. படி விழும், செப்பு அதை அப்படியே காட்டும். மேலடுக்கை நீர்க்கோட்டுக்குக் கீழே இரண்டு வரிசை கொண்டுவந்து, அங்கிருந்து ஏரா வரை அதே தடிமனில் லைம் பட்டை ஒட்டி, இரண்டையும் ஒன்றாகத் தேய்த்தால் படி இருக்காது. அந்த லைம் வரிசைகளுக்கு நிறப் பொருத்தமோ மூட்டு ஒழுங்கோ பார்க்கத் தேவையில்லை.